நீலகிரியில் படர் தைம்: தரையை மூடும் செடியை நட்டு வளர்க்கும் முறை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் வீடு கட்டும்போது முன்புறத்திலோ பக்கவாட்டிலோ ஒரு சிறு சரிவு நிலம் மிஞ்சிப்போவது வழக்கம். அதில் புல் வளர்த்தால் ஓயாமல் வெட்ட வேண்டும். வெறுமனே விட்டால் மழைக்காலத்தில் மேல்மண் கரைந்து செந்நீராக வாசலுக்கு வந்து சேரும். நாள் முழுவதும் வெயில் படும் சரிவாக இருந்தால், அங்கே படர் தைம் நடுமாறு நான் தயங்காமல் சொல்வேன். தாவரவியலில் தைமஸ் செர்பில்லம் எனப்படும் இச்செடி, துளசியும் புதினாவும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. பல ஆண்டு வாழக்கூடியது. 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் பெரும்பாலும் எழாமல், தண்டு மண்ணைத் தொடும் கணுக்களில் வேர்விட்டுப் பாய் விரித்ததுபோல் பரவும். இலையைக் கசக்கி முகர்ந்தால் ஓம வாசனை வரும். ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற பொருள் இதிலும் இருப்பதே அதற்குக் காரணம்.

ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளில், மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் நிலத்திலும் பிழைத்திருக்கும் செடி இது. ஆகவே நம் ஊர் உறைபனிக்கு இது அஞ்சுவதில்லை. இங்கே இதைக் கொல்வது வேரடியில் தேங்கும் நீர்தான். நான் முதன்முறை நட்டபோது, மழை வந்தால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று எண்ணி ஜூன் முதல் வாரத்தில், கெட்டியான செம்மண்ணில் அப்படியே நட்டேன். ஆகஸ்டில் ஒரு செடியைப் பிடித்து இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது: நுனி இலைகள் இன்னும் பச்சையாக இருந்தன, மண்ணை ஒட்டிய தண்டு கறுத்திருந்தது, வேரின் மேல்தோல் விரலில் வழுவழுவென்று உரிந்து வந்தது. கீழே சொல்லும் படிகளில் பெரும்பகுதி வடிகாலைப் பற்றியதாக இருப்பதற்கு அந்த இழப்பே காரணம்.

முதல் படி: இடமும் பருவமும்

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். சில்வர் ஓக், யூகலிப்டஸ் மரங்களின் அடியிலும், சுவரின் வடக்கு நிழலிலும் இச்செடி மெலிந்து நீண்டு, பிறகு பாசி ஏறி அழியும். கிழக்கும் தெற்கும் நோக்கிய மென்சரிவே சிறந்த இடம்.

நடுவதற்குப் பிப்ரவரி கடைசி வாரம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். உறைபனி விலகத் தொடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கும். அதற்குள் வேர் கீழே இறங்கிவிடும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் இருப்பவர்கள் செப்டம்பரில் நடுவதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அங்கே அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழை வலுவாகப் பெய்து இளம் நாற்றின் வேரை ஊறவைத்துவிடும்.

இரண்டாம் படி: மண்ணைத் தயார் செய்தல்

அவசரம் கூடாத படி இதுதான். நட வேண்டிய இடத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய நீர் மணிக்கு இரண்டரை சென்டிமீட்டராவது இறங்கினால் மண் ஓரளவு நல்ல மண். அதற்குக் குறைவாக இறங்கினால் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டே ஆக வேண்டும். சரிவின் மேல்புறத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடவும் வேண்டும்.

மண் கலவைக்குத் தோட்டமண் இரண்டு பங்கு, பருமணல் அல்லது பொடி ஜல்லி ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு போதும். எம்-சாண்ட் பயன்படுத்துவதாக இருந்தால் அதிலுள்ள தூளைச் சலித்து நீக்கிவிடுங்கள். தூள் செம்மண்ணோடு சேர்ந்தால் இறுகிவிடும். உரத்தை அதிகமாக்கினால் செடி செழிப்பாக இருப்பதுபோல் தோன்றினாலும், தண்டு கொழுத்து இளகி மழையில் முதலில் அழுகுவது அதுவாகவே இருக்கும்.

நீலகிரி மண் பொதுவாகப் புளிப்பு மண். தேயிலைக்கு உகந்த அந்தப் புளிப்பு தைமுக்கு ஒத்துவராது. புளிப்பைக் குறைக்கத் தேயிலைக்காரர்கள் தோட்டத்துக்குப் போடும் அதே டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளை, சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை தூவிக் கொத்திவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து நடலாம். மண் பரிசோதனை செய்து பார்த்து அளவை முடிவு செய்வது இன்னும் நல்லது.

பாத்தி போடும்போதே கிக்கூயு புல்லின் வேர்த்தண்டுகளை விரலால் தேடித் தேடி எடுத்துவிட வேண்டும். வெள்ளைக் கயிறுபோல் மண்ணுக்குள் ஓடும் அந்தத் தண்டில் ஒரு கணு மிஞ்சினாலும் அடுத்த மழைக்குள் தைமின் நடுவே புல் எழும். பிறகு செடியைப் பெயர்க்காமல் அதைப் பிடுங்க முடியாது.

மூன்றாம் படி: நாற்று

நாற்றுப் பண்ணையில் தைம் என்று கேட்டால் பெரும்பாலும் சமையலுக்கான, நிமிர்ந்து வளரும் வகையைத் தருவார்கள். அது தரையை மூடாது. பையின் விளிம்பைத் தாண்டித் தொங்கும் தண்டுகளும், அவற்றின் கணுக்களில் பொடிப்பொடியாக வெள்ளை வேர்களும் தெரிகிற செடியைக் கேட்டு வாங்குங்கள். விதையிலிருந்தும் வளர்க்கலாம், விதை மிக நுண்ணியது, மண்ணால் மூடாமல் மேலே தூவி லேசாக அழுத்திவிட வேண்டும். தொடக்கக்காரர்களுக்கு நான் துண்டு நடவையே பரிந்துரைப்பேன். பூக்காத தண்டில் 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் சரிபாதியாகக் கலந்த பையில் ஊன்றி, நிழலில் வைத்தால் மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும்.

நான்காம் படி: நடவு

செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அடுத்த வரிசையை முக்கோணமாக அமையுமாறு மாற்றி நடுங்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 16 செடி பிடிக்கும். 10 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள பாத்திக்கு ஏறக்குறைய 60 நாற்று வேண்டும். பையில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. நட்டபின் தண்டு மண்ணைச் சந்திக்கும் கழுத்தைச் சுற்றி ஒரு விரல்கடை கனத்துக்குச் சிறு ஜல்லியைப் பரப்புங்கள். மழைத்துளி தெறித்து இலையில் சேறு படிவதை அது தடுக்கும். கழுத்தும் உலர்வாக இருக்கும். சருகு, வைக்கோல் மூடாக்கு இச்செடிக்கு வேண்டாம், அவை ஈரத்தைப் பிடித்து வைத்துவிடும்.

முதல் மாதம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை நீர் போதும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். ஓராண்டு கடந்த செடிக்கு, நீண்ட வறட்சி வந்தால் ஒழிய, நீரே தேவையில்லை.

முதல் ஆண்டில் களை எடுப்பதுதான் பெரிய வேலை. புளியாரையும் கிக்கூயுவும் முளைத்ததும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கையால் எடுங்கள். பாய் இறுகிய பிறகு களை தானாகக் குறையும்.

மழைக்கு முன், பனிக்குப் பின்

மே மாதக் கடைசியில் கத்தரிக்கோலால் மேலோட்டமாக, மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் கவாத்து செய்யுங்கள். காற்று உள்ளே புகுந்து தண்டுகள் விரைவில் உலர இது உதவும். இலையில்லாத பழைய மரத்தண்டு வரை வெட்டினால் மறுபடி துளிர்ப்பது அரிது. பூ முடிந்ததும் வாடிய பூக்காம்புகளை இதேபோல் நீக்கலாம். ஆனால் பூத்திருக்கும்போது கை வைக்காதீர்கள், அப்போது அது தேனீக்களுக்குரியது.

டிசம்பர், ஜனவரி விடியலில் இந்தப் பாத்தியைக் குனிந்து பாருங்கள். ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் உப்புத்தூள் ஒட்டினாற்போல் பனி ஊசிகள் நிற்கும். பக்கத்துப் பாத்தியில் பீன்ஸ் கருகிக் கிடக்கும். வெயில் ஏறியதும் தைமின் இலைகள் சற்றே செம்பழுப்பு ஏறிய நிறத்தில் ஈரம் உதறி நிற்கும். குளிரில் வரும் அந்த நிறமாற்றம் நோயன்று. நட்டு ஓராண்டு ஆகாத நாற்றுகளுக்கு மட்டும் மாலையில் சாக்குப் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். தைமின் வேர் மேலாக ஓடுவது. அது மேல்மண் கரைவதைத்தான் தடுக்கும், மண்சரிவைத் தடுக்காது. செங்குத்தான வெட்டு நிலத்துக்குக் கருங்கல் தடுப்புச் சுவரும் வடிகாலும் கட்டிய பிறகே செடியைப் பற்றி யோசிக்க வேண்டும். கவாத்து செய்த துண்டுகளைக் காட்டோரத்திலும் புல்வெளியிலும் கொட்டவும் கூடாது. அழகுக்கும் வேலிக்கும் என்று ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூப் புதர்கள் இன்று நம் சோலைப் புல்வெளிகளை ஆக்கிரமித்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். தைம் அவ்வளவு வேகமாகப் பரவுவதில்லை என்றாலும், வெளியூர்ச் செடியைப் பாத்திக்குள் வைத்திருப்பது வளர்ப்பவரின் கடமை.

மூன்று நான்கு ஆண்டுகளில் பாயின் நடுப்பகுதி கட்டைத் தண்டாகி வழுக்கை விழும். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஓரத்தில் வேர்விட்ட துண்டுகளைக் களைக்கொத்தால் மண்ணோடு பெயர்த்து வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள கிழத்தண்டுகளைப் பிடுங்கி எறிந்து, புதிதாக மணலும் ஒரு பிடி டோலமைட்டும் கலந்து, அதே துண்டுகளை அதே 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு நீர் விடுங்கள்.