பச்சை மஞ்சளிலிருந்து வீட்டு மஞ்சள் தூள்: வேக்காடு பார்க்கும் முறை

தருமபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டாரங்களில் பொங்கலையொட்டி மஞ்சள் வெட்டத் தொடங்குவார்கள் என்பதால், பச்சைக் கிழங்கைக் காட்டிலேயே வாங்கி ஓர் ஆண்டுக்கான தூளை வீட்டிலேயே தயாரித்துக்கொள்வது எளிது. ஐந்து கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தபின் ஏறத்தாழ ஒரு கிலோவாகக் குறையும்.

முதலில் தாய்க்கிழங்கான குண்டு மஞ்சளையும் அதிலிருந்து கிளைத்த விரலி மஞ்சளையும் தனித்தனியே பிரித்து, வேரை நீக்கி, மண் போகக் கழுவுங்கள். குண்டு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால் இரண்டையும் ஒன்றாக வேகவைக்கக் கூடாது.

அடுத்தது வேக்காடு, தூளின் தரம் முழுவதும் இங்குதான் அமைகிறது. அகன்ற பாத்திரத்தில் கிழங்கு மூழ்கும் அளவு நீர் ஊற்றி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகவிடுங்கள். நுரை பொங்கி, ஆவியில் மஞ்சள் மணம் எழும்போது ஒரு கிழங்கை எடுத்து, ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். தடையின்றி இறங்கினால் உடனே வடித்துவிடலாம். முதல் முறை நான் அவசரப்பட்டு அரைவேக்காட்டில் இறக்கியதால், காய்ந்த விரலியை உடைத்தபோது நடுவில் வெளிறியும் ஓரத்தில் மட்டும் நிறம் பிடித்தும் இருந்தது. அளவு மீறி வெந்தாலும் நிறம் கெடும்.

வடித்த கிழங்கைச் சுத்தமான பாயில் பரப்பி, பத்து முதல் பதினைந்து நாள் வெயிலில் காயவைத்து, பனி படாதபடி இரவில் மூடிவையுங்கள். ஒடித்தால் 'டக்'கென்ற ஓசையுடன் முறிவதே சரியான பதம். பிறகு சாக்கில் இட்டுத் தேய்த்து மேல்தோலைப் போக்கி, இடித்து, மிளகாய் அரைக்காத இயந்திரத்தில் அரைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும். ஆகவே மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

குழம்புக்கும், மீன் கழுவவும், வாசல்நிலைக்கும் இதே தூள் போதும். முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சள் வேறு இனம். அதைச் சமையலில் சேர்க்க வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளிக்கும்போதே தூளைச் சேர்க்கும் நம் வழக்கம் அதற்குப் பொருத்தமானது.

சங்கப் பாடல்களிலேயே இஞ்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் கிழங்கால் புண்ணாற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டபோது, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி 1997இல் அதை நீக்கச் செய்தது.

புதுத்தூளை முதலில் ஆரத்திக்கு எடுத்துப் பாருங்கள்: நீரில் கரைத்து ஒரு துளி சுண்ணாம்பு சேர்த்ததும், தட்டில் மஞ்சள் மறைந்து செம்மை பரவும்.