எம்எக்ஸ் பிளேயரில் சத்தம் வரவில்லையா? கஸ்டம் கோடெக் போடும் முறை

எம்எக்ஸ் பிளேயர் என்ற வீடியோ செயலியில் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஈஏசி3 ஆடியோவுக்கு சப்போர்ட் இல்லை என்று ஒரு வரி திரையில் வந்துபோகிறது. ஃபைலிலும் கோளாறில்லை, போனிலும் கோளாறில்லை.

ஏசி3, ஈஏசி3 இரண்டும் டால்பியின் ஆடியோ வடிவங்கள். டிடிஎஸ் வேறொரு நிறுவனத்துடையது. உரிமச் சிக்கலால் எம்எக்ஸ் பிளேயர்காரர்கள் இவற்றைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்த வடிவங்களைப் படித்துச் சத்தமாக மாற்றும் நிரலான கோடெக்கை நாமே வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற திறமூல மென்பொருளைக் கொண்டு தயாரான கோடெக் அது. ஆண்ட்ராய்டு போனில் அதை எப்படிப் போடுவது என்று பார்க்கலாம்.

முதலில் எம்எக்ஸ் பிளேயரின் செட்டிங்ஸில் டிகோடர் பக்கத்தைத் திறந்து கடைசி வரை இறக்குங்கள். அடியில் கஸ்டம் கோடெக் என்று இருக்கும். பக்கத்திலேயே ஒரு பதிப்பு எண்ணும், ஏஆர்எம்வி7 நியான் (32 பிட்) அல்லது ஏஆர்எம்வி8 நியான் (64 பிட்) என்ற கோடெக் வகையின் பெயரும் தெரியும். இரண்டையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். போன் 64 பிட் என்பதால் ஏஆர்எம்வி8 என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போனில் இருக்கும் எம்எக்ஸ் பிளேயர் செயலி 32 பிட் பதிப்பாக இருந்தால் அது வேலைக்கு ஆகாது. செயலி என்ன கேட்கிறதோ, அதைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து டவுன்லோடு. இந்த கோடெக்குகள் எக்ஸ்டிஏ என்ற ஆண்ட்ராய்டு மன்றத் தளத்தில் கிடைக்கின்றன. அங்கே ஏஐஓ (ஆல் இன் ஒன்) என்ற பெயரில் ஒரு ஜிப் ஃபைல் இருக்கும். எல்லா வகைகளும் அதற்குள் அடக்கம் என்பதால் புதியவர்களுக்கு அதுவே நல்லது. பதிப்பு எண் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கூகுளில் முதலில் கண்ணில் படும் ஏதோ ஒரு தளத்திலிருந்து மட்டும் இறக்காதீர்கள். கோடெக் என்பது செயலிக்குள் ஓடும் நிரல். செயலிக்கு நீங்கள் கொடுத்த அனுமதியெல்லாம் அதற்கும் கிடைத்துவிடும்.

இறக்கிய ஜிப்பை விரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் செயலியைத் திறந்ததுமே டவுன்லோடு ஃபோல்டரில் உள்ள ஃபைலை அதுவே கண்டுபிடித்து, பயன்படுத்தவா என்று கேட்கும். சரி என்றால் முடிந்தது. ஆண்ட்ராய்டு 11 முதல் ஃபோல்டர்களைப் பார்க்கச் செயலிகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் சில போன்களில் அப்படிக் கேட்காது. அப்போது அதே கஸ்டம் கோடெக் வரியைத் தொட்டு, ஜிப்பை நீங்களே காட்டுங்கள். செயலி ஒருமுறை மூடித் திறக்கும்.

அப்புறம் சத்தம் வராத அதே வீடியோவைப் போட்டுப் பாருங்கள். இன்னும் மௌனமாக இருந்தால், வீடியோ ஓடும்போதே ஆடியோ டிராக் மெனுவைத் திறந்து எஸ்டபிள்யூ (சாஃப்ட்வேர்) ஆடியோ டிகோடரை டிக் செய்யுங்கள்.

செயலி அப்டேட் ஆனபின் பழைய தகவலே மறுபடி வந்தால் பயப்பட வேண்டாம். கேட்கும் பதிப்பு எண் மாறியிருக்கும். டிகோடர் பக்கத்தில் புது எண்ணைப் பார்த்து, அதற்கான ஜிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையே வேண்டாம் என்பவர்கள் விஎல்சி என்ற வேறொரு வீடியோ செயலியைப் போட்டுக்கொள்ளலாம். ஏசி3, ஈஏசி3, டிடிஎஸ் மூன்றும் அதில் தனியாக எதுவும் சேர்க்காமலே ஓடும்.