லேக் டைம் கணக்கிடும்போது சரிவில் சறுக்காதீர்கள்

நிலத்தில் ஊறாமல் ஓட்டமாக மாறிய மழையின் நிறைமையத்திலிருந்து (அதன் அளவு சார்ந்த நடு நேரத்திலிருந்து) வெள்ளம் உச்சம் தொடும்வரை ஆகும் நேரமே லேக் டைம். ஓடையில் நீரளவி இல்லாத இடங்களில் அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையின் எஸ்சிஎஸ் சூத்திரம்தான் வழக்கமாகக் கைகொடுக்கும்:

லேக் (மணி) = நீளம்^0.8 × (தேக்கம் + 25.4)^0.7 ÷ (7069 × சரிவு^0.5)

7069 மெட்ரிக் அளவுகளுக்கானது. பழைய நூல்களில் 7069-க்குப் பதில் வரும் 1900 என்ற எண், அடியிலும் அங்குலத்திலும் போடும் கணக்குக்கு உரியது. இரண்டையும் கலந்தால் விடை குப்பை.

நீளம் என்பது நீர் ஓடும் மிக நீண்ட பாதை, மீட்டரில். வரைபடத்தில் ஓடை தொடங்கும் இடத்தோடு நிறுத்தாமல், மேலே நீர்பிரி மேடு வரை அளக்க வேண்டும். தேக்கம் என்பது நிலம் பிடித்துவைக்கக்கூடிய அதிகபட்ச நீர்: தேக்கம் (மி.மீ.) = 25400 ÷ கர்வ் நம்பர் − 254. மழை எவ்வளவு எளிதாக ஓட்டமாக மாறும் என்பதைக் காட்டும் எண்ணான கர்வ் நம்பரை மண் வகை, நிலப் பயன்பாடு பார்த்து அட்டவணையில் எடுக்கலாம்.

பலரும் தவறுவது சரிவில்தான். இங்கே கேட்பது ஓடையின் சரிவு அல்ல, நீர்ப்பிடிப்பு நிலம் முழுவதின் சராசரிச் சரிவு, சதவீதத்தில். சம உயரக் கோடுகளின் மொத்த நீளத்தை அவற்றின் இடைவெளியால் பெருக்கி, பரப்பால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். 4 சதுர கி.மீ. பரப்பில் 10 மீட்டர் இடைவெளிக் கோடுகள் மொத்தம் 16 கி.மீ. இருந்தால் சரிவு 4%.

அதே பரப்பில் நீளம் 3000 மீ., கர்வ் நம்பர் 75 என்று வைப்போம். தேக்கம் 84.7 மி.மீ.; லேக் 1.15 மணி, அதாவது 69 நிமிடம். ஓடைச் சரிவு 1% என்று தவறாகப் போட்டால் லேக் 2.3 மணியாகிவிடும், உச்ச ஓட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். பாலத்தின் கண் (நீர் போகும் திறப்பு) சிறுத்துப்போவது இப்படித்தான். சரிவு 4% ஆகவே இருந்து, கர்வ் நம்பர் 85 ஆக மாறினால் லேக் 50 நிமிடம். அங்கேயும் கவனம் தேவை.

மழையிலிருந்து வெள்ளத்தைக் கணிக்கும் ஹெச்இசி-ஹெச்எம்எஸ் மென்பொருளில் லேக்கை நிமிடத்தில் தர வேண்டும், செறிவு நேரத்தை (மிகத் தொலைவான இடத்து நீர் வெளிவாயை அடைய ஆகும் நேரம்; லேக் ÷ 0.6) அங்கே போட்டுவிடாதீர்கள். கணக்கீட்டு இடைவெளி லேக்கில் 0.29 பங்கைத் தாண்டக் கூடாது.

இந்தச் சூத்திரம் சிறிய வேளாண் நிலங்களின் தரவில் பிறந்தது. கான்கிரீட் வடிகால் ஓடும் நகர்ப்பகுதிக்கு இது நம்பத்தக்கதல்ல. அங்கே கூரை, சாலை, வடிகால் என ஒவ்வொரு துண்டுக்கும் நீளத்தை வேகத்தால் வகுத்துக் கூட்டிச் செறிவு நேரம் கண்டு, அதை 0.6-ஆல் பெருக்குங்கள்.