சாரா வானின் 1982 ஆல்பம்: கேட்கும்போது செய்யக்கூடாதவை

வயதான ஜாஸ் பாடகி, நாலு பேர் பக்கவாத்தியம், பழைய பாட்டுகள் என்று சொன்னாலே பலர் அதை ஹோட்டல் லாபியில் மெதுவாக ஓடும் இசைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அமெரிக்க ஜாஸ் பாடகி சாரா வான் பாப்லோ என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1982-இல் பாடிய ‘கிரேசி அண்ட் மிக்ஸ்ட் அப்’ ஆல்பத்தை அப்படி ஓடவிட்டால் ஒன்றும் பிடிபடாமலே முடிந்துவிடும். மொத்தமே எட்டுப் பாட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள், முக்கியமாக போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காதீர்கள். ஆண்டி சிம்ப்கின்ஸின் டபுள் பேஸ் அதில் காணாமல் போய்விடும், அடிக்கு ஒரு சுரம் என்று நடந்துகொண்டே இருக்கும் அந்த பேஸ்தான் மற்ற எல்லோரையும் தாங்கிப் பிடிக்கிறது. சாதாரண இயர்போன் போதும்.

அடுத்தது கைதட்டல். நமக்குச் சமத்தில் தட்டியே பழக்கம், அதனால் நாலு அடியில் ஒன்று, மூன்று என்றுதான் கை தானாகப் போகும். ஸ்விங் என்கிற ஜாஸ் தாள நடையில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும். டிரம்மரின் இடது காலுக்குக் கீழே இருக்கும் ஹை-ஹாட் தட்டுகள் அந்த இரண்டு இடத்திலும் ‘ச்சிக்’ என்று மூடும், அதைக் காதால் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசிப்பவர் ஹெரால்ட் ஜோன்ஸ், கவுண்ட் பேஸியின் இசைக்குழுவில் இருந்தவர் என்பதால் அந்த ‘ச்சிக்’ எங்கேயும் நழுவாது. ஸ்விங் என்றால் வேகம் என்று நினைப்பதும் தப்பு. ஓர் அடியை இரண்டாகப் பிரிக்கும்போது முதல் பாதியைக் கொஞ்சம் நீட்டி இரண்டாவதைச் சுருக்குவதில்தான் அந்த ஆட்டம் வருகிறது, மெதுவான பாட்டிலும் அது வரும்.

இப்போது பலர் தடுமாறுகிற இடம், மூன்றாவது பாட்டு ‘ஆட்டம் லீவ்ஸ்’. இது 1945-இல் ஜோசப் கோஸ்மா மெட்டமைத்த பிரெஞ்சுப் பாட்டு, வரிகள் ழாக் பிரெவேர், ஆங்கில வரிகள் பின்னால் ஜானி மெர்சர் எழுதியது. உதிரும் இலை, பிரிந்துபோன காதல் என்று எல்லோரும் உருகி உருகிப் பாடியிருக்கிறார்கள். இங்கே வரியும் கிடையாது, தெரிந்த மெட்டும் கிடையாது. ஆரம்பத்திலிருந்தே ஸ்கேட், அர்த்தமில்லாத அசைகள், அதுவும் பறக்கிற வேகத்தில். தப்பான ஃபைலை ஓடவிட்டுவிட்டோமோ என்று நினைத்து அடுத்த பாட்டுக்குத் தாவிவிடாதீர்கள். முதலில் நாட் கிங் கோல் பாடியதை மெட்டு மனப்பாடமாகும் வரை கேளுங்கள், அப்புறம் இங்கே வாருங்கள். மனசுக்குள் அந்த மெட்டைப் பாடிக்கொண்டே கேட்டால் 32 பார் (நாலு அடி சேர்ந்தால் ஒரு பார்) கொண்ட அந்தச் சுற்று அப்படியே அடியில் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். சாரா வான் மெட்டை எடுத்துவிட்டு அதன் கார்டுகள் மேல், அதாவது மெட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள் மேல், புதிதாக ஒன்றை அந்த நேரத்திலேயே கட்டுகிறார்.

இதைக் கேட்டதும் நம்மவர்கள் உடனே “ஓ, கல்பனாஸ்வரம்!” என்பார்கள். அந்த இடத்தில் உதிப்பது என்ற அளவில் சரி, ஆனால் அதற்கு மேல் இழுத்தால் காது தப்பான இடத்துக்குப் போகும். நம் ‘க’ என்ற அசையே ஒரு சுரத்தின் பெயர். ஸ்கேட் அசைக்கு அப்படிச் சுரப்பெயர் வேலை இல்லை, ஒரு சுரத்தைச் சாக்ஸபோன்காரர் நாக்கால் வெட்டுவதுபோல் வெட்டவோ வழுக்கவோ வசதியான ஒலி, அவ்வளவே. இன்னொன்று, ராகம் பாடும்போது சுரங்களின் எல்லை மாறுவதில்லை. இங்கே கார்டு கிட்டத்தட்ட பாருக்கு ஒன்றாக மாறுகிறது, மாறும்போது எந்தச் சுரத்தில் போய் உட்காரலாம் என்பதும் மாறுகிறது. அந்த வேகத்தில் அதைத் தொடர வேண்டுமென்றால் கார்டுகள் காதிலேயே ஊறியிருக்க வேண்டும். சாரா வானுக்கு ஊறியிருந்தது. நியூவர்க்கில் சர்ச்சில் பியானோ வாசித்து வளர்ந்தவர், 1943-இல் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் பாடகியாகவும் இரண்டாவது பியானோக்காரராகவும் சேர்ந்தார், அதே குழுவில் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரும் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் இருந்தார்கள். நாற்பது வருடம் கழித்து அவர் தொண்டையில் அந்தப் பள்ளிக்கூடம்தான் கேட்கிறது.

பாடகி பாடி முடித்ததும் கவனத்தை விட்டுவிடுவதும் வழக்கமான தப்புதான். ரோலண்ட் ஹன்னாவின் பியானோவும் ஜோ பாஸின் கிட்டாரும் இடைவெளி நிரப்ப வரவில்லை. பாட்டின் நடுவில் அவர் கொடுக்கும் இடத்தில் இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். சொல்லப்போனால் இந்த ஆல்பத்தைத் தயாரித்ததும் சாரா வான்தான்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பில்லி ஹாலிடே 1958-இல், நாற்பத்திரண்டு வயதில், சிதைந்துபோன குரலில் பாடிய ‘லேடி இன் சாட்டின்’ கேட்டவர்கள், மூத்த பாடகி என்றாலே அந்த உடைசலைத்தான் தேடுகிறார்கள். இங்கே அது கிடைக்காது. சாரா வானுக்கு அப்போது ஐம்பது தாண்டி அறுபதை நெருங்குகிற வயது. கில்லெஸ்பி, பார்க்கருடன் 1945-இல் பாடிய ‘லவர் மேன்’ குரலை இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குரல் கீழே இறங்கித் தடித்திருக்கிறதே தவிர தேயவில்லை. எனக்கு அந்தக் கீழ்க்குரல்தான் அதிகம் பிடிக்கும். பரிதாபப்பட்டுக் கேட்டால் இந்த வித்தை காதில் விழாமலே போய்விடும்.

எல்லாமே பழைய ஸ்டாண்டர்ட், அதாவது ஜாஸ்காரர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பப் பாடும் பாட்டு, என்றும் நினைக்க வேண்டாம். ரோட்ஜர்ஸ், ஹார்ட் என்ற பாட்டுக்கட்டும் ஜோடியின் இரண்டு பாட்டு, ஜெரோம் கெர்ன் பாட்டு ஒன்று எல்லாம் உண்டு, ஆனால் நடுவில் பிரேசிலின் இவான் லின்ஸ் மெட்டுகளும் ஹன்னாவின் சொந்தப் பாட்டு ஒன்றும் வருகின்றன. அவற்றில் ஸ்விங்கைத் தேடினால் ஏமாற்றம்தான், அங்கே தாளத்தின் நடையே வேறு.

முழுக்க ஸ்டாண்டர்டுகளாக, இன்னும் நேரடியாக வேண்டும் என்றால் அதே பாப்லோவில் 1978-இல் ஆஸ்கார் பீட்டர்சன், ஜோ பாஸ், ரே பிரவுன், லூயி பெல்சன் நால்வரோடு பாடிய ‘ஹவ் லாங் ஹாஸ் திஸ் பீன் கோயிங் ஆன்?’ இருக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்து தொடங்கினாலும் நல்லதுதான், ஷஃபிளை மட்டும் அணைத்துவிடுங்கள்.