லாச்சிக்குள் முதலாளியின் கை: புதிதாகக் கடை தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை பரந்தன் சந்திப் பக்கம் ஒரு புதுக் கடைக்குப் போனேன். தெரிந்த பெடியன். தொடங்கி நாலு மாதம். மேசைக்கு மேலே மட்டையில் எழுதித் தொங்குகிறது: 'வேலை நேரத்தில் போன் பாவிக்கத் தடை'. அதற்கு நேர் கீழே, சார்ஜர் வயர் இழுபட இழுபட, பெடியன் யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருக்கிறான். சாமான் கட்டுகிற பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளிநொச்சியில் நானும் இப்படித்தான் ஒரு ஹாட்வெயார் கடை நடத்தினேன்.

ஆட்களைக் கண்டபடி ஏசாதே, சம்பளத்தை இழுத்தடிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுவோம். நல்ல முதலாளி என்று நினைத்துக்கொண்டே செய்கிறவைதான் வில்லங்கமானவை.

பிந்தி வருவது

என் கடையில் எட்டரைக்கு வேலை. மூன்று நாள் பிந்தினால் அரைநாள் சம்பளம் வெட்டு. சட்டம் போட்ட நான் வருவது ஒன்பதரைக்கு, அதுவும் நடந்து வரக்கூடிய தூரத்திலிருந்து. தருமபுரத்திலிருந்து வருகிறவனுக்கு முல்லைத்தீவு பஸ்தான் கதி. பள்ளிக்கூட நாளில் அது விசுவமடுவிலேயே நிரம்பி, நிற்பாட்டாமல் போய்விடும்.

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் ஏறியபோது நான் இரண்டு நாள் கடைப்பக்கமே போகவில்லை. முற்றத்தில் தண்ணீர் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கண்டாவளையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, பிள்ளைகுட்டியோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவனுக்கு அதே இரண்டு நாளும் சம்பளமில்லாத லீவு போட்டேன். அந்தக் கொப்பி என் கையெழுத்தோடு இன்னும் வீட்டில் கிடக்கிறது.

லாச்சிக் காசு

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கடுப்பு வரும்.

பின்னேரம் கடை பூட்டும்போது பில் கொப்பியையும் லாச்சியில் இருக்கிற காசையும் ஒத்துப் பார்ப்போம். குறைந்தால் காசுக்கு இருக்கிறவர் கட்ட வேண்டும். இது நான் போட்ட சட்டம். ஆனால் பெற்றோல் அடிக்க, மீன் வாங்க, கோயில் உபயத்துக்குக் கொடுக்க என்று நான் நினைத்த நேரமெல்லாம் லாச்சியை இழுத்து எடுத்துக்கொண்டு போவேன். துண்டு எழுதுவதில்லை. என் காசுதானே!

ஒருநாள் 7,500 ரூபா குறைந்தது. காசுக்கு இருந்த பிள்ளை ஆறு வருடமாக என்னிடம் நின்றவர். "அண்ணை, காலமை நீங்கள் ஏதும் எடுத்தனீங்களோ?" என்று மெதுவாகத்தான் கேட்டார். கடையில் ஆட்கள் நின்றார்கள். எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. "என்னட்டையே கணக்குக் கேக்கிறீரோ?" என்று பாய்ந்தேன். சம்பளத்தில் கழித்தும் விட்டேன்.

இரண்டு கிழமை கழித்து மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே அதன் பதிவுப் புத்தகத்தைத் தேடும்போது, அதற்குள் மடித்து வைத்த ஒரு பில் வந்தது. புது ரயருக்கும் ரியூப்புக்கும் கொடுத்த காசு. அதே திகதி, சதம் பிசகாமல் 7,500. காசைத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளை எண்ணிப் பார்த்து, கொப்பியில் கையெழுத்து வைத்து வாங்கினார். மாத முடிவில் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

நட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வன்னியில் கமக்காரருக்குச் சாமான் கொடுத்தால் காசு காலபோக நெல் வெட்டித்தான் வரும். மாசி பங்குனி வரைக்கும் எல்லாம் கடன் கொப்பி. என் கொப்பியில் பெயரும் தொகையும் மட்டும்தான் இருந்தது. வட்டக்கச்சியில் ஒரே பெயரில் மூன்று பேர். எந்த வாய்க்கால் கரையில் இருப்பவர் பம்ப் வாங்கினார், எவர் குழாய் வாங்கினார், யார் நெல்லை விற்றுவிட்டார் என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் தலைக்குள் இருந்தது. நான் பிழையான ஆளின் படலையில் போய் நின்று கடனைக் கேட்டு, அவருடைய மனிசியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். அந்தப் போகத்தில் மூன்று இலட்சத்துக்கு மேல் வராமலே போய்விட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலாளி துண்டில்லாமல் எடுக்கிற கடையில் உண்மையாகவே களவு நடந்தாலும் பிடிக்க முடியாது. எந்தக் குறைவுக்கும் 'அண்ணை எடுத்திருப்பார்' என்ற பதில் தயாராக இருக்கும். அது முக்கால்வாசி உண்மையாகவும் இருக்கும்.

பிறகு லாச்சிக்குள்ளேயே ஒரு சின்னத் துண்டுப் புத்தகத்தை நூலில் கட்டிப் போட்டேன். திகதி, தொகை, எதற்கு, கையெழுத்து. பத்து ரூபா என்றாலும் எழுதித்தான் எடுப்பேன். காலமை திறக்கும்போது இருக்கிற காசை இரண்டு பேர் எண்ணுவார்கள். முதல் மாதம் துண்டுகளைக் கூட்டிப் பார்த்தபோது, கடையில் ஆகக் கூடின சம்பளம் எடுத்த ஆள் யார் என்று விளங்கியது.

சேமலாப நிதி

ஊழியர் சேமலாப நிதி (EPF) என்ற ஓய்வுகாலச் சேமிப்புக்கு வேலையாளின் 8 வீதத்தைச் சம்பளத் திகதியிலேயே வெட்டிவிடுகிறோம். எங்கள் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான (ETF) 3 வீதமும் என்று வந்தால் மட்டும் வியாபாரம் படுத்துவிடுகிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அடுத்த மாதக் கடைசிக்குள் சேமலாப நிதியைக் கட்ட வேண்டும். பிந்தினால் வருகிற மிகைக்கட்டணம் முதலாளியின் தலையில். ஆளிடம் வெட்டிய 8 வீதத்தையும் சேர்த்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் பிந்தியவனுக்குச் சிவப்புக் கோடு போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

லீவு

நல்லூர்த் திருவிழா 25 நாளும் முதலாளி மூன்று மணிக்கே யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டால் அது பக்தி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒருநாள் கேட்டவனுக்கு, "அண்டைக்கு லொறி வருது." கடை, அலுவலகச் சட்டம் வருடத்துக்கு 14 நாள் வருட லீவும் 7 நாள் கசுவல் லீவும் கொடுத்திருக்கிறது. நீங்கள் போடுகிற பிச்சையல்ல.

"நாங்கள் ஒரு குடும்பம்"

ஓவர்ரைம் நேரத்தில் மட்டும் சொல்லாதீர்கள். கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேலே போனால் ஒன்றரை மடங்கு.

போன்

பெடியனுக்கு நேரிலேயே சொன்னேன். நேற்று அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மட்டை அப்படியே தொங்குகிறது. சார்ஜரை மட்டும் பின் அறைக்கு மாற்றியிருக்கிறான்.