இரண்டாவது படிக்கட்டு எங்கே? ஆபத்து நேரத்தில் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வெளியேறும் முறை

மலேசியாவின் பினாங்கில் நான் முதலாண்டு படித்தபோது, ஒரு நாள் அதிகாலை 2 மணிக்கு விடுதியில் அலாரம் அடித்தது. எங்கள் அறை 4ஆவது மாடியில். எல்லாரும் லிஃப்டுக்குப் பக்கத்துப் படிக்கட்டில் போய் முட்டிக்கொண்டோம். தினமும் ஏறி இறங்கிய படி அது ஒன்றுதான். நெரிசலைப் பார்த்துவிட்டு நானும் என் அறைத்தோழியும் தாழ்வாரத்தின் மறுகோடிக்கு ஓடினோம். அங்கே இன்னொரு படிக்கட்டு இருந்தது. தரைத்தளம் வரை இறங்கிவிட்டோம். கிரில் கதவில் பூட்டு தொங்கியது.

மறுபடி மேலே ஏறி, முன்பக்கமாகத்தான் வெளியே வந்தோம். யாரோ மின்கேத்தலில் நூடல்ஸ் போட்டுவிட்டுத் தூங்கிப்போயிருக்கிறார்கள். புகை மட்டும்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அரை நிமிடத்தை நான் மறக்கவில்லை. எஸ்டேட்டிலும் கம்பத்திலும் (கிராமத்திலும்) ஒற்றைமாடி வீட்டில் வளர்ந்து, முதல் தடவையாக மாடிக் கட்டடத்தில் தங்க வரும் தம்பி தங்கைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: இன்றைக்கே ஒரு தடவை நடந்து பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இது. இதற்கு 15 நிமிடம் போதும்.

உங்கள் அறைக் கதவில் நின்றுகொள்ளுங்கள். பச்சை நிறத்தில் ‘கெலுவார்’ (மலாயில் ‘வெளியேறும் வழி’) என்று ஒளிரும் பலகைகள் எந்தப் பக்கம் காட்டுகின்றன என்று பாருங்கள். வழக்கமாகப் போகும் படிக்கட்டை விட்டுவிட்டு மற்றதில் இறங்குங்கள். அறையிலிருந்து அந்தப் படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு போகும்போது அந்த எண்ணிக்கைதான் வழி சொல்லும். கீழே போய்க் கடைசிக் கதவைத் தள்ளிப் பாருங்கள். சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கிறதா? வெளியே மோட்டார் சைக்கிள்கள் அடைத்து நிற்கின்றனவா? அப்புறம் ‘தெம்பாட் பெர்கும்புல்’ பலகை இருக்கும் இடம் வரை நடந்து போங்கள். எல்லாரும் ஒன்றுகூட வேண்டிய இடம் அதுதான்.

வழியில் கனமான கதவு ஒன்று வரும், தானாகவே மூடிக்கொள்ளும். அதுதான் தீத்தடுப்புக் கதவு. அது மூடியிருக்கும்வரை படிக்கட்டுக்குள் புகை எளிதில் புகாது. காற்று வரட்டும் என்று அதற்குச் செருப்பையோ நாற்காலியையோ அண்டக்கொடுத்து வைத்திருப்பதை எத்தனையோ விடுதிகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்தக் கதவு திறந்தே கிடந்தால் படிக்கட்டு புகைக்கூண்டாகிவிடும்.

நூலகம், விரிவுரை மண்டபம், ஆய்வுக்கூடம் என்று நீங்கள் அடிக்கடி போகும் மற்ற இடங்களிலும் இதேபோல் இரண்டு வழி பார்த்து வையுங்கள்.

படி 2: அலாரம் அடித்ததும்

“சும்மா டிரில்லா இருக்கும்” என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். தூங்கும் தோழியை எழுப்புங்கள். செருப்பு, போன், அறைச் சாவி இவ்வளவும் போதும். மடிக்கணினி, சான்றிதழ் கோப்பு, அம்மா கொடுத்த சங்கிலி எதையும் தேட வேண்டாம். இரவுடையில் எப்படி வெளியே போவது என்று சில பெண்கள் தயங்குவார்கள். ஒரு துண்டையோ சாரோங்கையோ போர்த்திக்கொண்டு வந்துவிடுங்கள்.

கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுடாவிட்டால் மெதுவாகத் திறந்து வெளியேறி, பின்னால் மூடிவிடுங்கள், ஆனால் பூட்டாதீர்கள். மூடிய கதவு தீயையும் புகையையும் தாமதப்படுத்தும்.

லிஃப்ட் வேண்டவே வேண்டாம். மின்சாரம் நின்றால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். லிஃப்ட் ஓடும் குழாய் வழியாகப் புகையும் மேலே ஏறும்.

தாழ்வாரத்தில் புகை இருந்தால் குனிந்து போங்கள், தேவையானால் தவழுங்கள். சூடான புகை மேலே எழும்பும், மூச்சுவிடத் தகுந்த காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும். மூக்கில் ஈரத்துணி வைத்துக்கொண்டால் புகை எதுவும் செய்யாது என்று நம்பிவிடாதீர்கள். கரித்துகளை அது கொஞ்சம் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. புகை அடர்த்தியாக இருந்தால் அடுத்த படிக்கட்டுக்குத் திரும்புங்கள். ‘படி 1’இல் செய்த வேலை உதவப்போவது இங்கேதான்.

கதவு சுட்டால் திறக்காதீர்கள். கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து, ஜன்னலோரம் போய், போன் விளக்கை ஆட்டிக் காட்டி, 999க்கு அழைத்து அறை எண்ணைச் சொல்லுங்கள்.

படி 3: 999இல் என்ன சொல்வது

போலீஸ், ஆம்புலன்ஸ், பொம்பா (தீயணைப்புப் படை) எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான். பதற்றத்தில் மலாய் வார்த்தை வராமல் போகலாம், அதனால் இதை இப்போதே மனப்பாடம் செய்யுங்கள்: “அடா கெபாகாரான் டி அஸ்ராமா, புளோக் பி, திங்காட் எம்பாட்.” பி புளோக், 4ஆவது மாடி, விடுதியில் தீ என்று பொருள். உங்கள் புளோக்கையும் மாடியையும் மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே ஆள் சிக்கியிருந்தால் “அடா ஓராங் தெர்பெராங்காப்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரோடு எந்த நுழைவாயில் பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய வளாகத்தில் வண்டி வழி தேடுவதிலேயே நேரம் போய்விடும். மறுமுனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வளாகப் பாதுகாவலர் அறையின் எண்ணையும் போனில் சேமித்து வையுங்கள்.

தீயணைப்பானை எடுக்கலாமா என்று கேட்பீர்கள். தீ குப்பைக்கூடை அளவில் இருந்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் வாசல் இருந்தால் மட்டும் எடுங்கள். ஊசியைப் பிடுங்கி, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டி, பிடியை அழுத்தி, இடவலமாக வீசுங்கள். சிறிய சிலிண்டர் சில விநாடிகளில் காலியாகிவிடும். அதற்குள் அணையாவிட்டால் போட்டுவிட்டு வெளியேறுங்கள்.

நம் நிகழ்ச்சிகளில் ஒரு கவனம்

பொங்கல் விழாவும் தீபாவளி கலைநிகழ்ச்சியும் நடத்தும் தமிழ் மாணவர்களிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குத்துவிளக்கு, கற்பூரம், பளபளக்கும் திரைத்துணி, ஒரே பிளக்கில் ஐந்தாறு விளக்குகள் எல்லாம் ஒரே மேடையில் இருக்கும். மேடை அலங்காரத்தின் பின்னால் அவசரக் கதவு மறைந்துபோகும். 2001இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டேவான் துங்கு கான்செலரே தீக்கு இரையானது. அவ்வளவு பெரிய மண்டபத்துக்கு நடந்தது நம் மேடைக்கு நடக்காது என்று சொல்ல முடியாது. நாற்காலி அடுக்கும்போதே கதவுகளுக்கு நேராக வழி விடுங்கள். விளக்கேற்றும் இடத்தில் தீயணைப்பானோடு ஒருவர் நிற்கட்டும். அறிவிப்பாளர் வரவேற்புரைக்கு முன்பே வாசல்கள் எங்கே என்று காட்டிவிடட்டும். சேலை கட்டியவர்கள் படி இறங்கும்போது கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டால் தடுக்கி விழ மாட்டார்கள்.

நடக்கச் சிரமப்படும் நண்பர் இருந்தால்

ஆபத்து வந்த பிறகு “எப்படித் தூக்குவது?” என்று கேட்கக்கூடாது. இப்போதே அவரிடமே கேளுங்கள். எப்படிப் பிடித்தால் வலிக்காது, யார் யார் கூட இருப்பது, படிக்கட்டில் எந்தத் தளத்தில் காத்திருப்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஒருவர் அவரோடு இருக்க, இன்னொருவர் கீழே ஓடிப்போய்ப் பொம்பாவிடம் இடத்தைச் சொல்லட்டும்.

நிலம் ஆடினால்

இதற்கு முறையே வேறு. ஆடும்போது ஓடக்கூடாது. மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு படி வழியாக வெளியே வந்து, கண்ணாடிச் சுவர்களை விட்டு விலகி நில்லுங்கள். சுமத்ராவில் நிலம் அதிர்ந்தால் பினாங்கு அடுக்குமாடிகளிலும் தெரியும். 2012 ஏப்ரல் 11 அன்றும் அப்படித்தான் இங்கே உணர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று மலேசிய நேரப்படி காலை 9 மணியளவில் அங்கே நிலம் அதிர்ந்தது, பினாங்குக் கரைக்குச் சுனாமி அலை வந்தது பிற்பகலில். நடுவில் இருந்த அத்தனை மணி நேரத்திலும் கடற்கரையில் மக்கள் இருந்தார்கள். இங்கே மட்டும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் அதிர்வை உணர்ந்தால், அறிவிப்பு வரும்வரை கடற்கரைப் பக்கம் போகாதீர்கள்.

வெள்ளம் என்றால் சுருக்கமாக: வண்டியை எடுக்கக் கீழ்த்தள பார்க்கிங்குக்கு இறங்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் எரிவாயு நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, காற்று வரும் திசைப் பக்கம் போய் நில்லுங்கள்.

கடைசிப் படி: ஒன்றுகூடும் இடத்தில்

நேராக மாமாக் கடைக்கு (பக்கத்து உணவுக்கடைக்கு) போய்விடாதீர்கள். பெயர் எடுப்பவரிடம் உங்கள் பெயரைக் கொடுங்கள். நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, உங்களைத் தேடி ஒரு வீரர் புகைக்குள் போகக்கூடாது. அறைத்தோழி ஊருக்குப் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். அலாரம் நின்றாலும் பொம்பா சொல்லும்வரை உள்ளே போக வேண்டாம். வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், புகைப்படம் வேண்டாம்.

விடிந்ததும், வழியில் என்ன தடையாக இருந்தது என்று எழுதி விடுதி அலுவலகத்தில் கொடுங்கள். நாங்கள் அந்தப் பூட்டைப் படம் எடுத்து, அந்த மாடியில் இருந்த எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். மூன்று தடவை நேரில் போய்க் கேட்ட பிறகு பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பியைப் பொருத்தினார்கள். அன்று மாலை நானும் என் தோழியும் 4ஆவது மாடியிலிருந்து அந்தப் படிக்கட்டில் இறங்கி, கதவைத் தள்ளித் திறந்து பார்த்தோம்.