செவன்ஸ் மேட்ச் கேலரியில் ஒரு பையன் மயங்கிக் கிடந்தால்

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் ராத்திரி செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) டோர்னமென்ட் நடத்துகிற கமிட்டித் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மேட்ச் நடக்கும் மைதானங்களில் முதலுதவி மேசையில் உட்காருகிறேன்.

சரக்கும் கஞ்சாவும் எப்போதும் இருந்தவைதான். என்னைப் பயமுறுத்துவது வலி மாத்திரை. டாபென்டடால் போன்ற மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. பையன்கள் எப்படியோ வாங்கி விழுங்குகிறார்கள், ஊசியிலும் ஏற்றிக்கொள்கிறார்கள். இது அபின் குணமுள்ள மருந்து. அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்லக் குறையும். கூடவே குடித்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

"ஒண்ணுமில்லீங்க்கா, தூங்கறான்" என்று கூட வந்தவர்கள் சொல்வார்கள். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். தோளைத் தட்டிச் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எழுந்திருக்காவிட்டால் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். எட்டுக்குக் கீழே போனாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்தாலோ, தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தாலோ உயிருக்கு ஆபத்து. நம் பிள்ளைகளின் நிறத்தில் நீலம் சட்டென்று தெரியாது, உதட்டின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருப்பதும் ஒரு அடையாளம்.

உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் எந்த கேட் வழியாக வர வேண்டும் என்று சொல்லி, அந்த இடத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். மூச்சு இருந்தால் பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, வாந்தி வெளியே வரும்படி முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். மூச்சு நின்றுவிட்டால் மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும். கமிட்டியில் இரண்டு பேராவது இதை முறையாகக் கற்று வைத்திருங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், உப்புத் தண்ணீர் எதையும் மயங்கிக் கிடப்பவன் வாயில் ஊற்றாதீர்கள். அது நேராக நுரையீரலுக்குள் போகும். நம் ஊரில் அன்பாகச் செய்கிற இந்தக் காரியம்தான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அப்புறம் நண்பர்களிடம் கேட்க வேண்டும். அதட்டாமல் கேளுங்கள். "கண்ணு, நான் போலீஸ் இல்ல. என்ன போட்டான், எத்தனை, எப்பன்னு மட்டும் சொல்லு சாமி" என்பேன். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். மாத்திரை அட்டை கிடைத்தால் ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்புங்கள். இந்த வகை மருந்தின் வேலையை முறிக்க நலாக்சோன் என்ற ஊசி இருக்கிறது. என்ன போட்டான் என்று டாக்டருக்குத் தெரிந்தால் நேரம் மிச்சமாகும். போலீஸுக்குப் பயந்து பையனை வண்டிக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டு ஓடுவதுதான் உயிரை வாங்குகிறது. போதைப் பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், போதை எடுத்தது, சிறு அளவு வைத்திருந்தது போன்ற குற்றங்களுக்கு வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 64ஏ பிரிவில் வழியிருக்கிறது. இதைப் பெற்றோரிடமும் சொல்லுங்கள்.

கொக்கைன் போன்ற தூள் வகைப் போதை வேறு மாதிரி. வேர்த்துக் கொட்டும், உடம்பு கொதிக்கும், சண்டைக்கு வருவான். நாலு பேர் சேர்ந்து குப்புற அமுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகலாம். கூட்டத்தை விலக்கி, ஈரத் துணி போட்டு, ஒரே ஆள் மெதுவாகப் பேசட்டும். நெஞ்சுவலி என்றால் 108-தான். இங்கிலாந்தில் மைதானங்களுக்குள் கொக்கைன் பெரிய தொல்லை. 2021 யூரோ இறுதிப் போட்டியன்று வெம்ப்ளியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2022-இல் போதைக் குற்றங்களுக்கும் மைதானத் தடை உத்தரவை விரிவுபடுத்தினார்கள். கொக்கைனோடு சாராயம் சேர்ந்தால் கல்லீரலில் கோக்காஎத்திலீன் என்ற நச்சுப்பொருள் உருவாகி இதயத்தைத் தாக்கும். தடை உத்தரவெல்லாம் அந்த ஊருக்குச் சரி. நாலு பக்கமும் திறந்து கிடக்கும் நம் மைதானத்துக்கு கேலரியின் பின்னால் இரண்டு ஃபோகஸ் லைட்டும், சுற்றி வர நிதானமான இரண்டு பேரும்தான் முதலில் தேவை.

விற்பவனைக் கண்டால் நீங்களே அடிக்கப் போகாதீர்கள். 10581 என்ற போலீஸ் எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். பழக்கத்தை விட நினைப்பவனுக்கு 14446 எண்ணைக் கொடுங்கள், இலவசம்.

மறுநாள் காலை மைதானத்தைக் கூட்டும்போது ஊசி கிடந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது, மூடியும் மாட்டக் கூடாது. இடுக்கியால் எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடி, அரசு மருத்துவமனையில் கேட்டு ஒப்படையுங்கள். யாருக்காவது குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லி, அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். குப்பை கூட்டும் அக்காக்களுக்குக் கெட்டியான கையுறையும் ஷூவும் டோர்னமென்ட் செலவிலேயே வாங்கிக் கொடுங்கள்.